மரத்துக்கு வேர் உண்டு: நகர்த் திட்டமிடல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உயர்மாடிக் கட்டடங்களுக்கான வரைவு விதிகளைப் படித்தோம். போடியத்திலும் (கோபுரத்தின் அடியில் அகலமாக விரியும் தாழ்வான கட்டடத்தின் மேல்தளம்) மொட்டைமாடியிலும் பால்கனியிலும் வைக்கும் செடிகளின் பரப்பை மனையின் பசுமைப் பரப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற பிரிவு உள்ளே வந்த கதை உங்களுக்கே தெரியும். அதையொட்டி நடந்த வாக்குவாதமும் தெரியும். கோபுரங்களே வேண்டாம் என்றது ஒரு தரப்பு. உயரப் போனால்தான் தரை மிஞ்சும் என்றது இன்னொரு தரப்பு. இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு நீங்கள் எழுதியிருக்கும் பிரிவில் கோபுரமும் வருகிறது, தரையும் போகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மனையிலும் ஐந்தில் ஒரு பங்காவது, அடியில் எந்தக் கட்டுமானமும் இல்லாத மண்ணாக, ஒரே துண்டாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாக மேல்தளத் தொட்டிகளை ஏற்கக் கூடாது.

உயரத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. 1 ஹெக்டேர் மனை, தளப்பரப்புக் குறியீடு 2.5, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டரை மடங்கு கட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டக்கூடிய பரப்பு 25,000 சதுர மீட்டர். 5 மாடியாகக் கட்டினால் தரையில் 5,000 சதுர மீட்டர் போய்விடும். 20 மாடியாக்கினால் 1,250 போதும். கோபுரத்தை ஆதரிப்பவர்கள் இதுவரை சொல்வது சரி. அவர்கள் சொல்லாமல் விடுவது கார் நிறுத்தத்தை. 250 வீடு, வீட்டுக்கு ஒரு கார், திரும்பி வெளியேறும் வழியோடு சேர்த்துக் காருக்கு ஏறக்குறைய 30 சதுர மீட்டர்: மொத்தம் 7,500. இதை ஒரே தரைக்கீழ் தளமாக, மதில்சுவர் ஓரம்வரை தோண்டி முடித்துவிடுகிறார்கள். மிஞ்சியிருக்க வேண்டிய 8,750 சதுர மீட்டரில் பெரும்பகுதி கார் நிறுத்தத்தின் கூரையாகிவிடுகிறது. அதன்மேல் புல் விரித்தால் வரைபடத்தில் 'பூங்கா'. அதே கார்களை இரண்டு அடுக்காக நிறுத்தினால் 3,750 சதுர மீட்டர்க் குழி போதும், சாய்தளத்துக்குக் கொஞ்சம் கூடலாம். குழியில் மூன்றில் ஒரு பங்கு கோபுரத்துக்கு அடியிலேயே அடங்கும். சுற்றிலும் 6 மீட்டர் தீயணைப்பு வழி விட்ட பிறகும் 2,000 சதுர மீட்டர் மண் தாராளமாக மிஞ்சும். செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மனையில் ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பற்றி வரைவில் ஒரே வரிதான் இருக்கிறது: 'இயன்றவரை பாதுகாக்கப்பட வேண்டும்.' இந்த 'இயன்றவரை' எப்படி முடிகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம். மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். கிளைவிரிப்பையும் தாண்டி ஓடும். தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரம்வரை தோண்டக் கூடாது என்பது இத்துறையில் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. நெஞ்சளவு உயரத்தில் 50 சென்டிமீட்டர் விட்டம் என்றால் சுற்றிலும் 6 மீட்டர். நடைமுறையில் தண்டிலிருந்து ஒன்றரை மீட்டரில் குழி வெட்டப்படுகிறது. ஒரு பக்கத்து வேர் முழுவதும் போயிற்று. மறுபக்கத்தில் கம்பிக் கட்டுகளும் லாரிகளும் நின்று மண் இறுகுகிறது. காற்றும் நீரும் உள்ளே இறங்குவதில்லை. கலவை இயந்திரம் கழுவிய சுண்ணாம்பு நீரும் அங்கேதான் கொட்டப்படுகிறது. கடைசியில் தரைமட்டத்தை உயர்த்துகிறோம் என்று தண்டைச் சுற்றி ஓரடி மண் கொட்டுவார்கள்.

மரம் உடனே சாகாது என்பதுதான் இதில் சங்கடம். சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு முதல் ஆண்டு தளிர்விடும். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது பச்சையாகவே இருக்கும். இரண்டாம் ஆண்டு நுனிக்கிளைகள் காயும். மூன்றாம் நான்காம் ஆண்டில் அடித்தண்டில் காளான் முளைக்கும். அப்புறம் ஒரு காற்று போதும். இதற்கு நடுவே நிறைவுச் சான்றிதழ் கையெழுத்தாகியிருக்கும். கோப்பில் அந்த மரம் பாதுகாக்கப்பட்ட மரம். தானாகப் பட்டுப்போன மரத்துக்கு யாரைக் கேட்பது?

இப்போது தொட்டிக்கு வருவோம். ஈரத்தில் ஊறிய மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 கிலோ. ஒரு மீட்டர் ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 1,800 கிலோ. வீட்டுத் தளத்தில் ஆளும் சாமானும் ஏற்றும் சுமைக்குப் பொதுவாக எடுப்பது 200 கிலோ. ஒன்பது மடங்குச் சுமைக்கு ஸ்லாபும் உத்தரமும் தூணும் தடிக்க வேண்டும். செலவுக் கணக்கு வந்ததும் முதலில் குறைவது மண். வரைபடத்தில் 1.2 மீட்டர் என்று இருப்பதில் நீர்த்தடுப்புப் பூச்சு, வேர்த்தடுப்புத் தாள், வடிகால் அடுக்கு போக, அடியில் தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி மேலே 45 சென்டிமீட்டர் மண் நிரப்புகிறார்கள். அந்த ஆழத்தில் குறுஞ்செடி வளரும், மரம் வளராது. பெரிய மரத்துக்கு 30 கன மீட்டர் அளவுக்கு மண் வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1.2 மீட்டர் உள்ள தொட்டி கொள்வது 1.7. பிறகு ஒருநாள் இலை அடைத்து வடிகால் தேங்கும், கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தொட்டியை எடுத்துவிடத் தீர்மானம் போடுவார்கள். ஒழுகும் வீட்டுக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அப்போது குறையும் பசுமைப் பரப்பை உங்கள் கோப்பில் யார் திருத்துவார்கள்?

மிலானைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2014-இல் அங்கே முடிந்த 'போஸ்கோ வெர்டிகாலே' (செங்குத்துக் காடு) என்னும் இரட்டைக் குடியிருப்புக் கோபுரங்களின் பால்கனிகளில் ஏறக்குறைய 800 மரங்கள் நிற்கின்றன. அவை நாற்றுப்பண்ணையில் முன்கூட்டியே வளர்க்கப்பட்டவை. பலத்த காற்றைத் தாங்குமா என்று காற்றுச்சுரங்கத்தில் சோதனை நடந்தது. நீர்ப்பாய்ச்சல் பொது ஏற்பாடு. கயிற்றில் தொங்கி வந்து கிளை கழிக்கத் தனி ஆட்கள். சீனாவின் செங்டுவிலும் பால்கனி தோறும் காடு வைத்த குடியிருப்பு ஒன்று எழுந்தது. 826 வீடுகளில் பத்துக் குடும்பங்கள் அளவில்தான் குடிவந்தன என்றும், செடி மண்டிக் கொசு மொய்க்கிறது என்றும் 2020-இல் செய்தி வந்தது. வரைவு விதியில் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்படியானால் நமக்குக் கிடைக்கப்போவது எது என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

விளம்பரப் படங்களில் மட்டும் பதினெட்டாம் மாடியில் ஆலமரம் செழிக்கிறது. படத்து மரத்துக்கு வேர் கிடையாது, வசதிதான். மரத்தைப் பெயர்த்து நடுவதும் ஏறக்குறைய அதே கதை. 40 சென்டிமீட்டர் தண்டுக்கு 4 மீட்டர் அகலத்துக்குத் தாய்மண்ணோடு எடுக்க வேண்டும், அதுவே இருபது டன்னைத் தாண்டும். மாதங்களுக்கு முன்பே கட்டம் கட்டமாக வேர் கழித்திருக்கவும் வேண்டும். கிளையெல்லாம் வெட்டி, வேரை மொட்டையடித்து, கம்பம் நடுவதுபோல் நட்டுவிட்டுப் புகைப்படம் எடுப்பதற்குப் பெயர்த்து நடுதல் என்று பெயரிட்டது யார் என்று தெரியவில்லை. அந்தக் கம்பங்களும் பசுமைப் பரப்பில் சேருமா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம். மேல்தளச் செடிகளைப் பசுமைப் பரப்பில் சேர்க்கும் அந்தப் பிரிவை நீக்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு மண்ணை, குறுக்களவு எங்கும் 8 மீட்டருக்குக் குறையாமல், தரைக்கீழ் தள வரைபடத்திலேயே குறித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்தள வரைபடத்தை மட்டும் பார்த்து அனுமதி தராதீர்கள். பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்பே மரங்களைச் சுற்றித் தண்டு விட்டத்தின் 12 மடங்கு தூரத்தில் வேலி நிற்க வேண்டும். நிறைவுச் சான்றிதழுக்குப் பின் மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் மரங்களை நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுநரின் வைப்புத்தொகையை அதுவரை திருப்பித் தரக் கூடாது. மேல்தளத் தோட்டம் வைப்பவர்கள் வைக்கட்டும், வெயிலுக்கு நல்லதுதான். அது தரை மண்ணின் கணக்கில் வர வேண்டாம்.

வரைவு இறுதியாகும் முன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மண்ணின் ஆழக் கணக்கையும் சுமைக் கணக்கையும் விளக்க எப்போது அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
நிலவடிவமைப்பிலும் மரப் பராமரிப்பிலும் கட்டுமானப் பொறியியலிலும் பணிபுரிவோர் சிலர்