குளத்துக்கு ஒருநாள் மட்டும் போனால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளங்களையும் ஓடைகளையும் மாணவர்கள் தூய்மைப்படுத்திய செய்திகள், கையுறையும் குப்பைப் பையுமாக அவர்கள் நிற்கும் படங்களுடன் நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகின்றன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும் அப்பணியில் நீரைப் பற்றி மாணவர்கள் கற்றுக்கொள்வது மிகவும் சொற்பம் என்பதை, பல ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1977-ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துடன் இணைந்து யுனெஸ்கோ நடத்திய மாநாடு, விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு ஆகியவற்றைச் சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களாக வகுத்தது. பேரணியும் உறுதிமொழியும் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. திறன் வளர வேண்டுமானால், மாணவர்கள் ஒரே நீர்நிலைக்கு மாதந்தோறும் சென்று, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் நீரின் தன்மையை அளந்து குறிப்பேட்டில் பதிய வேண்டும். அவர்கள் பள்ளியை விட்டுச் செல்லும்போது அக்குறிப்பேடு அடுத்த வகுப்பின் கைக்குப் போக வேண்டும்.

நேரத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்து பச்சை நிறமாகிவிட்ட குளத்தில், வெயில் காயும் பிற்பகலில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தால், பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் அது மிகுதியாகவே காட்டும். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மாணவர் எழுதிவிடுவார். பொழுது சாய்ந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, அதே பாசிகளும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் இரவு முழுவதும் ஆக்சிஜனைச் செலவிடுவதால், விடிவதற்குச் சற்று முன் அதன் அளவு மிகவும் தாழ்ந்துவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவிப்பது பெரும்பாலும் அந்த வேளையில்தான். வெப்பமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. பிற்பகலிலும் விடியற்காலையிலும் அளந்து வரைபடம் போட்ட மாணவருக்கு இந்தப் பகல்-இரவு வேறுபாட்டை எந்த ஆசிரியரும் தனியே விளக்க வேண்டியிருக்காது.

கருவி வாங்கப் பணம் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நீரின் தெளிவை அறிய, வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் முறை, 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளரின் சோதனைகளால் புகழ்பெற்றது. இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது. கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 செ.மீ. தட்டை மாணவர்களே செய்துகொள்ளலாம். ஓடையில் கல்லைப் புரட்டி அதன் அடியில் வாழும் சிற்றுயிர்களைப் பார்க்க அதுவும் தேவையில்லை. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்பருவங்கள் பல வகையாகத் தென்பட்டால் அந்த நீரில் ஆக்சிஜன் போதுமானதாக உள்ளது என்று கொள்ளலாம். சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஐயப்பட வேண்டும். குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் ஹீமோகுளோபின்தான் அவற்றுக்குச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. (சாக்கடை நேராகக் கலக்கும் இடங்களில் மாணவர்களை இறக்கவே கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

நல்லெண்ணம் மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் தீங்கும் நேரும். கரையோர நாணல்களை அழுக்கென்று எண்ணிப் பிடுங்கிவிட்டால், மழைநீரோடு வரும் மண்ணைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. கொசுவை ஒழிக்கும் என்று நம்பிப் பல நாடுகளில் விடப்பட்ட கம்பூசியா மீன், அங்கங்கே இருந்த சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று, இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. எதையும் அகற்றுவதற்கும் எதையும் விடுவதற்கும் முன் ஓராண்டாவது அந்நீர்நிலையைக் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களின் குறிப்பேட்டு நகலை உள்ளாட்சி நிர்வாகம் ஆண்டுக்கு இருமுறை பெற்றுக்கொண்டு, அளவுகள் திடீரென மாறிய இடங்களைப் பற்றி எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை தூய்மைப் பணியின் படத்தை வெளியிடும்போது, அதே நீர்நிலையில் மாணவர்கள் எடுத்த ஓராண்டு அளவுகளையும் கேட்டுப் பெற்று, படத்தின் அருகிலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்