எழும்பூர் அருங்காட்சியகம் மாலையிலும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பாந்தியன் சாலைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் எனக்கு, சனிக்கிழமை உட்பட, வேலை முடிய ஆறு மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பார்கள். வீட்டு வேலையை யார் பார்ப்பது?

மாதம் ஒரு சனிக்கிழமையாவது இரவு ஒன்பது மணி வரை திறந்து, அங்கே பாட்டும் இலக்கியமும் நடத்தலாம் என்பது என் கோரிக்கை. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் கட்டி முடித்த மியூசியம் தியேட்டர் அதே வளாகத்தில் இருக்கிறது. ஓர் ஓதுவாரும் தாளமும் போதும், மைக்கே வேண்டாம். (மார்கழியில் சில சபாக்களில் வயலின் காதைக் கிழிக்கிறது. அதற்குத் தனிக் கடிதம் எழுதவேண்டும்.)

ஒரு மாலைக்கு ஒரு சிலை என்று வைத்துக்கொள்ளலாம். வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசருக்குச் சுற்றி நிற்கும் சுடர் வளையமான திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. அதனாலேயே தோளிலிருந்து தூக்கிய பாதம் வரை உடம்பின் வளைவு மறைவில்லாமல் தெரியும். காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகத்தில் பாடியது அந்த ஊர்ச் சுடுகாட்டு ஆட்டத்தைத்தான். அதை நட்டபாடைப் பண்ணில் கேட்ட கையோடு எழுந்துபோய் அந்த நடராசரைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

இன்னொரு மாதம் ரோதான். அந்தப் பிரெஞ்சுச் சிற்பி சென்னைக்கு வந்ததே இல்லை. இங்கிருந்த நடராசர் சிலைகளின் புகைப்படங்களைப் பார்த்தே உருகி எழுதினார். அவர் இறந்தபின் 1921இல் அது அச்சாயிற்று. அதைத் தமிழில் வாசிக்க வைத்துப் பேசலாமே.

கூட்டம் வந்தால் சிலைகளுக்கு ஆகாது என்பார்கள். நியாயம்தான். வெண்கலத்தில் குளோரைடு உப்பு ஒட்டியிருந்தால், ஈரக்காற்று பட்டதும் பச்சைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். பலர் மூச்சுவிட்டாலே அறையில் ஈரம் ஏறும். அதனால்தான் கச்சேரியைத் தியேட்டரில் வைக்கச் சொல்கிறேன். சிலைக்கூடத்துக்குள் இருபது இருபது பேராக விடட்டும். காபி, சுண்டலெல்லாம் வெளியே மரத்தடியோடு சரி. 1930லேயே இந்த வெண்கலங்களுக்காக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தவர்கள் அருங்காட்சியகத்தார். எத்தனை பேர் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

லண்டன் நேஷனல் கேலரியில் போர்க்காலத்தில், ஓவியங்களை வேல்ஸுக்கு அனுப்பிவிட்ட வெறும் கட்டடத்தில், பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை மதிய உணவு நேரத்தில் கச்சேரி நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். என்னைப்போல் வேலைக்குப் போகிறவர்களுக்கான நேரம் அது. 1942இல் ஒரு நாளிதழுக்கு வந்த வாசகர் கடிதத்துக்குப் பிறகு, மாதம் ஓர் ஓவியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து காட்டவும் செய்தார்கள்.

காவலர்களுக்கு அன்றைக்குக் கூடுதல் படி தரவேண்டும், சந்தேகமே இல்லை. அதற்காக ஐம்பது ரூபாய் டிக்கெட் வைத்தாலும் வாங்குவேன். எங்கள் அலுவலகத்திலேயே இன்னும் நாலு பேர் வருவார்கள். புரசைவாக்கத்துக்குக் கடைசி பஸ் போவதற்குள் முடித்துவிட்டால் போதும்.

– ஒரு வாசகி,
புரசைவாக்கம், சென்னை