ஓடை மீட்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கரையோரக் குப்பை அகற்றலும் நாற்று நடவும் இவ்வாண்டும் தடையின்றி நடைபெற்றன. அவற்றில் உழைத்த தன்னார்வலர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது. ஆயினும் செயற்குழு மிகுதியாக விவாதித்தது கரையைப் பற்றியன்று, ஓடைக்கு நீர் தரும் முழு நிலப்பரப்பான நீர்பிடிப்புப் பகுதியைப் பற்றியே.

கூரைகளும் தார்ச்சாலைகளும் சிமெண்டுத் தளங்களும் மழையை மண்ணில் இறங்கவிடாமல் வடிகால்கள் வழியே நேராக ஓடையில் சேர்ப்பதால், நாள்கணக்கில் ஊறி வரவேண்டிய நீர் சிறிது நேரத்திலேயே வெள்ளமாகப் பாய்ந்து படுகையை அரித்துவிடுகிறது. மழை ஓய்ந்தபின் நிலத்தடிக் கசிவு இல்லாமல் ஓடை வற்றிப்போகிறது. நீர்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 10 சதவீதம் இவ்வாறு மூடப்பட்டாலே ஓடைவாழ் உயிரினங்கள் குறையத் தொடங்குவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. இந்நிலையில் கரையை மட்டும் அழகுபடுத்துவது போதாது என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

தென்கொரியாவின் சியோல் நகரில் மேம்பாலச் சாலையை இடித்து, அதன் கீழ் மூடப்பட்டிருந்த சியோங்கியேசியோன் ஓடையை 2005இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்தது பெரும் சாதனையே. எனினும் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவது. மக்கள் நடந்து மகிழ நல்ல இடம் கிடைத்தது; நீர்பிடிப்புப் பகுதி மீண்டுவிட்டதாக அதைக் கொண்டு சொல்ல முடியாது. மாறாக, அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள ஸ்ட்ராபெரி ஓடையில் 1987 முதல் நடந்த பணியில், ஓடையில் கலந்த கழிவுநீர் இணைப்புகளைக் கண்டறிந்து துண்டித்த பின்னரே உள்நாட்டு மீன்களை மீண்டும் விட்டனர். நாம் பின்பற்ற வேண்டிய வரிசை இதுதான்.

மழைநீருடன் வரும் நஞ்சும் கவலைக்குரியது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டார ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப்பின் மடிந்ததற்கு, டயர்களில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிவதால் உண்டாகும் சேர்மமே காரணம் என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதே சாலைநீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணின் வழியே வடித்தபோது மீன்கள் பிழைத்தன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருப்பதால், நம்பிக்கையோடு செயலில் இறங்க வழியுண்டு.

ஆகவே வரும் ஆண்டில், மழையில்லா நாள்களிலும் நீர் வழியும் வடிகால் வாய்களைக் கண்டறிந்து அந்நீரில் கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டும் அம்மோனியாவும் சோப்புக் கலப்பும் உள்ளனவா எனச் சோதிப்பதை முதற்பணியாகவும், மேட்டுப்பகுதியில் கூரைநீரை மண்ணில் இறக்கும் மழைத்தோட்டங்கள் அமைப்பதை அடுத்த பணியாகவும் மேற்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கரையோர நடவு அதற்குப் பிறகே விரிவுபெறும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையையும் பரிந்துரைகளையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.