இல்லினாய்ஸில் கத்திரிக்காய்க்குக் கைரேகை கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்க வாழ்க்கைக் கட்டுரையில், "அங்கே கத்திரிக்காய் வாங்குவதுபோல துப்பாக்கி வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. எழுதியவர் எந்த மாநிலத்துச் சந்தைக்குப் போனாரோ! சிகாகோவின் தெற்குப் பகுதியில் கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறவன் நான். இங்கே கத்திரிக்காய்க்கு யாரும் கைரேகை கேட்பதில்லை.

இல்லினாய்ஸில் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே ஃபாய்டு கார்டு என்ற மாநில அரசின் அடையாள அட்டை வேண்டும், 10 டாலர். உடலில் மறைத்து எடுத்துப்போக இன்னொரு லைசென்ஸ், 150 டாலர். அதற்கு முன் 16 மணி நேரப் பயிற்சி. பயிற்சிக்கு எனக்கு லைசென்ஸைவிட அதிகமாகவே ஆனது. கைரேகை கொடுக்க விருப்பமில்லை என்றால் விண்ணப்பத்தைப் பார்க்க அரசு 30 நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பதென்றால் அதற்கும் தனிக் காசு. 5 ஆண்டு முடிந்ததும் மறுபடி 150. பக்கத்து விஸ்கான்சினில் 40 டாலர்தான். இண்டியானாவில் 2022 ஜூலையிலிருந்து லைசென்ஸே தேவையில்லை.

நான் கட்டிவிட்டேன், சரி. என் கடையில் இரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா இருக்கிறார், அவர் என்ன செய்வார்? விடியுமுன் பஸ் பிடித்து, இறங்கித் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறவர். எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அது உங்களைப் போன்றவர்களுக்கு" என்று சொல்லி விட்டுவிட்டார். எப்படியோ கட்டியிருந்தாலும் பயனில்லை. லைசென்ஸ் இருந்தாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் உடலில் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்த மாநிலச் சட்டம். கார் வைத்திருப்பவனுக்குத்தான் உரிமை போலிருக்கிறது.

நிர்வாகச் செலவுக்கு வாங்குகிறார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். அந்த 150-இல் 10 டாலர் மாநிலக் குற்றவியல் ஆய்வகங்களுக்குப் போகிறது. குற்றமே செய்யாதவர் என்று சோதித்துத்தானே லைசென்ஸ் தருகிறார்கள், ஆய்வகத்துக்கு அவர் ஏன் அழ வேண்டும்?

வாக்குரிமை போலத் துப்பாக்கியும் இங்கே அரசியல் சட்ட உரிமைதான். வாக்களிக்க வரி கேட்ட வர்ஜீனியாவை 1966-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த வரி ஒன்றரை டாலர். சிகாகோவின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2010-இல் வென்ற ஓட்டிஸ் மெக்டொனால்டும் பணக்காரர் அல்ல. வீட்டில் பலமுறை திருடுபோன, ஓய்வுபெற்ற கறுப்பினத் தொழிலாளி. 2022-இல், துப்பாக்கியை வெளியே எடுத்துப்போவது பற்றிய நியூயார்க் வழக்கிலும், அளவுமீறிய கட்டணத்தால் சாதாரண மக்களின் உரிமை பறிபோனால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று அதே நீதிமன்றம் எழுதிவைத்தது. இதெல்லாம் அறிந்த பத்திரிகையில் கத்திரிக்காய்!

உடனே என்னைத் துப்பாக்கிக் கட்சிக்காரன் ஆக்கிவிடாதீர்கள். பின்னணிச் சோதனை வேண்டும், பயிற்சியும் வேண்டும். அந்தச் செலவை ஏழையின் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், உங்கள் பக்கங்களில் அமெரிக்கத் தமிழன் என்றால் எப்போதும் சாஃப்ட்வேர்க்காரர், பின்கட்டில் நீச்சல்குளம். கல்லாவில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் பொங்கல் மலருக்கு விளம்பரம் கேட்கும்போது மட்டும் உங்கள் நினைவுக்கு வருகிறோம். கடைக் காப்பீடு பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் வாழ்த்துச் சொன்ன வரி மட்டும் அச்சேறியது. போகட்டும்.

அடுத்த இதழில் எங்காவது ஓரத்தில், "இல்லினாய்ஸில் நிலைமை வேறு" என்று ஒரு வரி போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள், தெரியும். 150 டாலர் என்ற எண்ணையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சிகாகோ