இணையட்டும், பெயர் போக வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் தொடங்கிய ஆண்டு 2020 என்று போட்டிருந்தீர்கள். அது ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தா அணியோடு இணைந்த ஆண்டு. கிளப் பிறந்தது 1889-இல். இந்த வித்தியாசத்துக்காகத்தான் கொல்கத்தா ரசிகர்கள் மூன்று வருஷம் போராடினார்கள்.

1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற பழைய கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளம். மோகன் பகானில் ஒருவரைத் தவிர பத்துப் பேரும் வெறுங்கால். முதல் கோலை வாங்கிய பிறகு சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் ஆளுக்கொன்று போட்டு 2-1 என்று ஜெயித்தார்கள். ஜூலை மழையில் எங்கள் குன்னூர் பக்கத்து மைதானங்களில் ஆடி, பூட்ஸ் ஆணியால் மிதி வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்தப் பத்துப் பேர் எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்று.

2019-20 பருவத்தில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியின் கோப்பை மோகன் பகானுக்கு, ஐ.எஸ்.எல். கோப்பை 2014-இல் தொடங்கிய ஏ.டி.கே.க்கு. இணைப்பில் 80 சதவீதப் பங்கு ஏ.டி.கே.யை நடத்திய ஆர்.பி.எஸ்.ஜி. தொழில் குழுமத்திடம் போனது. பச்சை-மெரூன் நிறமும் பாய்மரப் படகுச் சின்னமும் தப்பின. பெயரில் மட்டும் ஏ.டி.கே. முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கையோடு, பெயரிலிருந்து ஏ.டி.கே.யை எடுத்துவிடுவதாக உரிமையாளர் அறிவித்தார். இன்று அது மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்.

இணைப்பே தப்பு என்று சொல்ல மாட்டேன். காசில்லாமல் எந்த கிளப்பும் ஓடாது. எங்கள் பக்கத்திலும் இரண்டு ஊர் அணிகளை ஒன்றாக்கும் பேச்சு நடக்கிறது. பையன்கள் வேலைக்கும் படிப்புக்கும் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் சேருவதே பாடாக இருக்கிறது. சேரட்டும். ஆனால் ஸ்பான்சர் கிடைத்தார் என்பதற்காக இரண்டு ஊர்ப் பெயரையும் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே பதிவு செய்யலாம். டீக்கடை அலமாரியில் கிடக்கும் பழைய சுழற்கோப்பையில், ஜெயித்த அணிகளின் பெயர் வெட்டிய தகடுகள் கழன்று தொங்குகின்றன. முதலில் அவற்றைத் திருகி மாட்ட வேண்டும்.

நீலகிரி கால்பந்து அணிகளுக்கும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் கொடுங்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நிருபரை அனுப்பினால் நானே வீடு வீடாகக் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கால்பந்து வீரர் ஒருவர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்