ஃபில்டர் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோ வந்தது. புது வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 180 தான் காட்டுகிறது, அப்புறம் ஃபில்டர் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளையோ தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கும் பெரிய ஆர்.ஓ. மெஷினாகவே போட்டுவிடலாம் என்கிறாராம். தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலேயே காலம் தள்ளியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டுமே அவசர முடிவு.

அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான். அதை வைத்துக் கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் அதில் தெரியும். கிருமி தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. காரீயம், அதாவது லெட் என்கிற நச்சு உலோகம், அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. மில்லிகிராம் கணக்கில் எண் காட்டும் கருவிக்கு அது எங்கே தெரியப்போகிறது?

காரீயத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உன் வயிற்றில் இருக்கும் குழந்தைதான். குழந்தையின் மூளைக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று காரீயத்தில் ஒரு எல்லையே கிடையாது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீராகவே கிளம்பினாலும், பழைய கட்டடத்துக் குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றிலிருந்து அது கரைந்து சேரும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தில் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் காரீயம் வீடு வீடாக வந்து சேர்ந்தது.

இதில் ஒன்றை மறந்துவிடாதே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. நைட்ரேட்டும் அப்படித்தான். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் இவற்றின் அடர்த்தி கூடும். சுடுநீர்க் குழாயில் பிடித்துச் சமைக்கவும் வேண்டாம், சூட்டில் காரீயம் இன்னும் அதிகமாகக் கரையும்.

குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றாயே, அதைத் திட்டாதே. வழி முழுக்கக் கிருமி வளராமல் காவல் இருப்பது அதுதான். ஆனால் தண்ணீரில் உள்ள இலைதழைச் சத்தோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத பொருள்களையும் அது உண்டாக்கும். வாடை, அந்தப் பொருள்கள் இரண்டையும் கரி நிரப்பிய கார்பன் ஃபில்டர் நன்றாகவே பிடிக்கும். ஒரு கிராம் கரியைப் பிரித்து விரித்தால் பல நூறு சதுர மீட்டர் பரப்பு வரும், அவ்வளவு நுண்துளை. துளைகள் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது. மாற்றாமல் விட்டால் குளோரின் இல்லாத அந்தக் கரிக்குள்ளேயே கிருமி குடியேறும். தேதி எழுதி ஒட்டிவைத்து மாற்றுகிறவர்களுக்குத்தான் ஃபில்டர்.

கார்பன் ஃபில்டர் உப்பையோ நைட்ரேட்டையோ ஃப்ளோரைடையோ எடுக்காது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும். ஆர்செனிக் இருந்தாலும் பெரும்பாலும் அதுதான் வழி. ஆனால் பல மெஷின்கள் குடிக்கக் கொடுப்பதைவிட அதிகத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும், கால்சியத்தையும் சேர்த்து எடுத்துவிடும். 180 டி.டி.எஸ். தண்ணீருக்கு, பரிசோதனை அறிக்கையில் வேறு காரணம் இல்லாவிட்டால், ஆர்.ஓ. வீண். யு.வி. (புற ஊதா) விளக்கு கிருமியை முடக்கும், எதையும் வடிகட்டாது. கலங்கல் தண்ணீரில் அதுவும் பலிக்காது.

சரி, செய்ய வேண்டியது இது. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், இரவெல்லாம் தேங்கிய முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடி. சில நிமிடம் ஓடவிட்டு இன்னொன்றில் பிடி. இரண்டையும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கொடு. முதலாவதில் காரீயம் கூடுதலாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக் குழாயில்தான். கிருமிப் பரிசோதனைக்குத் தனி பாட்டில் தருவார்கள். உள்ளே கொஞ்சம் தூள் இருக்கும், அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதே. அது குளோரினை முறிக்கப் போடுவது. இதைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்!

கடையில் பார்க்கும்போது பெட்டியில் என்.எஸ்.எஃப். என்ற தரச் சான்றின் எண் 42 என்று மட்டும் இருந்தால் அது சுவைக்கும் வாடைக்கும்தான். காரீயத்துக்கு 53, அதிலும் காரீயம் என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார். ஆர்.ஓ.வுக்கு 58.

மாப்பிள்ளையிடம் பரிசோதனை முடிவு வரும்வரை எந்த மெஷினுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல். அறிக்கை வந்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா