'குளோன்' என்றால் மரபணு மாற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த தேயிலை மீள்நடுகை பற்றிய கட்டுரையில், 'குளோன் செய்யப்பட்ட, அதாவது மரபணு மாற்றப்பட்ட தேயிலைக் கன்றுகள்' என்றொரு தொடர் இடம்பெற்றிருந்தது. அந்த 'அதாவது' என்ற ஒரு சொல்தான் இக்கடிதத்தை எழுதவைத்தது. கட்டுரை வந்த மறுநாளே, அரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் என் அயலவர் ஒருவர், காசு கொடுத்து வாங்கிவைத்த கன்றுகளை நடலாமா கூடாதா என்று கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். (எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் 'பரம்பரையலகு' என்றே கற்பித்தோம், கட்டுரையாளர் 'மரபணு' என்று எழுதியிருப்பதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.)

'குளோன்' என்ற ஆங்கிலச் சொல் ஆய்வுகூடத்தில் பிறந்ததன்று. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெபர், 1903ஆம் ஆண்டில், சிறு கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதனை ஆக்கினார். தண்டுத் துண்டு, கிழங்கு, ஒட்டு ஆகியவற்றின் மூலம் ஒரே தாய்த் தாவரத்திலிருந்து பெருக்கப்பட்ட செடிகள் யாவற்றையும் சேர்த்துக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கே இச்சொல் பிறந்தது. முதலில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலின் இறுதியில் 'ஈ' என்ற எழுத்து இருக்கவில்லை. நடு உயிரை நெடிலாக உச்சரிக்க வேண்டும் என்பதற்காகவே அது பின்னர் சேர்க்கப்பட்டது. இங்கே கவனிக்கவேண்டியது, இச்சொல் அதன் முதற்பொருளில் ஒரு தொகுதியைக் குறித்தது என்பதே. ஒரு செடியைச் சுட்டிக்காட்டி 'இது ஒரு குளோன்' என்று இன்று சொல்கிறோம். வெபரின் கணக்கில் ஆயிரம் செடிகள் சேர்ந்தும் ஒரே குளோன்தான்.

இதனை மலையகத்தவருக்கு விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. என் தாயார் பல ஆண்டுகள் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர். (யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளு விற்குமிடம், எங்களுக்கோ கன்று வளர்க்குமிடம். ஒரு சொல் இடத்துக்கிடம் பொருள் மாறுவதற்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்பதில்லை.) கவ்வாத்து வெட்டிய தாய்ச்செடி மீண்டும் துளிர்த்துத் தண்டு ஓரளவு முற்றியதும், ஓர் இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் இருக்கும்படி சிறு துண்டுகளாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஊன்றி, நிழலில் வைத்து வேர்பிடிக்கச் செய்வார்கள். 'வீ.பி. தேயிலை' என்று தோட்டங்களில் வழங்குவது இதுதான். பதியமுறை இனப்பெருக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையால் விதை கொடுப்பதால், விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் மரபளவில் வேறுபட்டது. கொழுந்தின் நிறமும் இலையின் அளவும் செடிக்குச் செடி மாறும். வீ.பி. மலையிலோ, ஒரே குளோன் நடப்பட்டிருந்தால், வரிசை வரிசையாக நிற்பது ஒரே தாயின் தொடர்ச்சி. 1925இல் நிறுவப்பட்ட, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த 'டீ.ஆர்.ஐ. 2025' இதற்கு நல்ல உதாரணம். அந்த எண் வகைக்கு இடப்பட்ட இலக்கம், ஆண்டு அன்று. பல பத்தாண்டுகளாக நம் மலைகளில் நிற்கும் தேயிலை அது. இதையும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் அயலவர் அதையும் கேட்டார்.

ஆக, தாய்ச்செடியின் மரபணுக்களை மாற்றாமல் அப்படியே பெருக்குவதே குளோன் முறை. மரபணு மாற்றம் என்பது ஓர் உயிரியின் மரபணுத் தொகுதியில் வேண்டுமென்றே புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, அல்லது இருப்பதைத் திருத்துவது, நீக்குவது. ஒன்றைச் சொல்லி 'அதாவது' என்று மற்றதைச் சொல்ல இடமேயில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. 1970களில் மூலக்கூற்று உயிரியலாளர்கள் ஒரு டி.என்.ஏ. துண்டைப் பக்றீரியாவுக்குள் செலுத்திப் பெருக்குவதையும் 'குளோனிங்' என்றே அழைத்தார்கள். மரபணு மாற்றத்துக்கு அது ஒரு கருவியாகப் பயன்படுவதால் இரண்டு சொற்களும் ஒரே மேசையில் கலந்துவிட்டன. பின்னர் 1996இல் ஸ்கொட்லாந்தில் டொலி என்ற செம்மறியாடு பிறந்தது; வளர்ந்த ஆட்டின் மடியிலிருந்து எடுத்த கலம் (செல்) ஒன்றின் உட்கருவிலிருந்து உருவான அந்த ஆட்டிலும் எந்த மரபணுவும் புதிதாகப் புகுத்தப்படவில்லை என்றாலும், அந்தச் செய்திக்குப் பிறகு 'குளோன்' என்றாலே செயற்கையானது, அச்சத்துக்குரியது என்ற எண்ணம் பொதுமக்களிடம் நிலைத்துவிட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளும் இயற்கை தந்த குளோன்களே என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

கட்டுரையாளர் கவலைப்பட விரும்பியிருந்தால் அதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஒரே குளோனை மலை முழுவதும் நட்டால், அதனைத் தாக்கவல்ல நோய் ஒன்று வரும்போது தப்பிப் பிழைக்க வேறுபட்ட செடி எதுவும் இருக்காது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் நாம் நடும் உருளைக்கிழங்கும் குளோன்தான். 'விதைக்கிழங்கு' என்கிறோமே தவிர அது விதையன்று, தண்டு. 1845இல் அயர்லாந்தில் வெளிறல் நோய் பரவியபோது, மக்கள் பெரிதும் நம்பியிருந்த ஒரே வகைக் கிழங்கு நிலத்திலேயே அழுகியதும் பெரும் பஞ்சம் தொடர்ந்ததும் வரலாறு. மேலும், தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த தேயிலைக்கு விதைத் தேயிலையைப்போல் ஆழமான ஆணிவேர் இராது என்பதால் வறட்சிக் காலத்தில் அது கூடுதலாக வாடக்கூடும். என் அயலவருக்கு நான் சொன்னதும் இதைத்தான்: கன்றுகளைத் தாராளமாக நடுங்கள், ஆனால் ஒரே வகையை மட்டும் நடாதீர்கள்.

தமிழில் இதற்கு 'முளைவகை' என்றும் 'படியாக்கம்' என்றும் சொற்கள் வழங்குகின்றன. படியாக்கம் என்ற சொல் செயலைக் குறிக்கிறது, அதனால் விளையும் தொகுதியைக் குறிக்கவில்லை. தாவரங்களைப் பற்றி எழுதும்போது 'ஒருதாய்க் கன்றுகள்' என்று எழுதினால் தோட்டத்துப் பிள்ளைக்கும் உடனே விளங்கும் என்பது என் கருத்து. அதில் உடன்பாடில்லையெனில் 'குளோன்' என்றே எழுதலாம், குறையில்லை. எதை எழுதினாலும், செடியையா, விலங்கையா, டி.என்.ஏ. துண்டையா குறிக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே தெளிவுபடுத்தினால் போதும். அந்த 'அதாவது' தவறு என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் எதிர்வரும் ஞாயிறு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அயலவரின் கன்றுகள் இன்னும் நிழலில்தான் இருக்கின்றன. மழை முடிவதற்குள் அவர் நட்டாக வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
டிக்கோயா.